ஏன் ஒன்று என்று சொல்லவில்லை?

வெத்திலை போடுகிறவனைப் பார்த்து ஊர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ஏன் இன்னும் இதை விடுறாயில்லை?" மனைவி கேட்பாள், பிள்ளைகள் கேட்பார்கள், கல்யாண வீட்டில் பக்கத்துக் கதிரையில் இருக்கும் தூரத்துச் சொந்தமும் கேட்கும். கேட்கிற எல்லாருக்கும் அக்கறை உண்டு. ஆனால் அந்தக் கேள்விக்கு "சரி, விடுறன்" என்ற பதில் வந்து நான் கண்டதில்லை. "விடியப்புறத்தில கண் முழிச்சிருக்க வேண்டாமோ?", "எங்கட அப்பா எண்பது வயசு மட்டும் போட்டவர்", "நான் என்ன சாராயமோ குடிக்கிறன்?" இப்படித்தான் வரும். பழக்கத்துக்காக வாதாட யாரும் நமக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. ஏன் விடவில்லை என்று கேட்டால் மனம் விடாததற்கான காரணத்தைத் தேடிப் பிடிக்கும். பிடித்ததை வாயால் சொன்ன பிறகு, முன்னைவிட இன்னும் கொஞ்சம் இறுக்கமாக நம்பும்.

நான் திருகோணமலையில், திருக்கடலூர்ப் பக்கத்தில், மீனவர் சங்கமொன்றில் கனகாலம் கணக்கெழுதியவன். வேலை விடியப்புறம் தொடங்கும். வள்ளங்கள் கரைக்கு வரும் நேரத்தில் தராசுக்குப் பக்கத்தில் கொப்பியோடு நிற்க வேண்டும். யாருடைய வள்ளம், சூடை எத்தனை கிலோ, பாரை எத்தனை, மண்ணெண்ணெய்க் கடனில் எவ்வளவு கழிப்பது என்று எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நேரத்தில் கரையில் நிற்கிற எல்லார் வாயிலும் வெத்திலை இருக்கும். இரவு முழுக்கக் கடலில் கிடந்தவன் மணலில் காலை வைத்ததும் மடியை அவிழ்த்து ஒரு வெத்திலையை நீட்டுவான். அதை வாங்காமல் விட்டால், அவன் உழைப்பை மதிக்காத மாதிரி. வெத்திலை, பாக்கு, சுண்ணாம்பு, கிள்ளிய ஒரு துண்டுப் புகையிலை. எனக்கு அது சாப்பாட்டோடு சேர்ந்த ஒன்றாகிவிட்டது.

முதலில் மிளகாய்ச் சம்பல் பட்டால் வாய் எரிந்தது. பிறகு வெறும் சொதிக்கே எரியத் தொடங்கியது. பல் வலி என்று போன கிளினிக்கில் ஒரு இளம் டொக்டர் இருந்தார், என் மகளின் வயதுதான் இருக்கும். என்னுடைய மூன்று விரலை ஒன்றாகச் சேர்த்து, நெட்டாக வாய்க்குள் வைக்கச் சொன்னார். இரண்டு விரல் போனது. மூன்றாவது பல்லில் இடித்தது. கன்னத்தின் உட்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "உள்ளுக்க சதை நார் மாதிரி இறுகிக்கொண்டு வருது ஐயா. பாக்காலதான்" என்றார். இலங்கை ஆண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய்தான் முன்னுக்கு நிற்கிறது. எங்கள் கரையிலிருந்தே மகரகமை புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். ஏச்சு விழப்போகிறது என்று நினைத்துக்கொண்டு இருந்தேன்.

ஏசவில்லை. "பூச்சியத்தில இருந்து பத்து வரைக்கும் ஒரு நம்பர் சொல்லுங்கோ ஐயா. வெத்திலையை விடுறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்?"

"நாலு."

"ஏன் ஒண்டு எண்டு சொல்லேல்ல?"

"ஏன் பத்து இல்லை?" என்று கேட்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். அதற்கு என்னிடம் பதில் ஆயத்தமாக இருந்தது. இந்தக் கேள்விக்கு ஒன்றுமே ஆயத்தமாக இல்லை. அவர் பேனையை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தார். வெளியில் வரிசையில் ஆட்கள் இருந்தும் அவசரப்படுத்தவில்லை.

"வெள்ளிக்கிழமையில கோணேசர் கோயிலில பஞ்சபுராணம் பாடுறனான். இப்ப வாய் விரியுதில்லை, டொக்டர். இழுத்துப் பாடேக்க சத்தம் உள்ளுக்கையே நிக்குது."

இதை நான் வீட்டில்கூடச் சொன்னதில்லை. கோட்டை வாசலால் நுழைந்து, மர நிழலில் படுத்திருக்கும் மான்களைத் தாண்டி, மலை ஏறிப் போய், கோணமாமலையின் மேல் சம்பந்தர் பாடிய பதிகத்தை அந்த மலையிலேயே நின்று பாடுவது எனக்கு எவ்வளவு பெரிய காரியம் என்பதை அன்றைக்குத்தான் வாய் திறந்து ஒருவருக்குச் சொன்னேன். அவர் திருப்பிச் சொன்னது ஒரு வசனம்: "அப்ப, பாட்டுக்காகத்தான் அந்த நாலு." பிறகு இன்னொரு கேள்வி: "விட ஏலும் எண்டு எவ்வளவு நம்பிக்கை இருக்கு? அதுக்கும் ஒரு நம்பர்." நான் இரண்டு என்றேன். "அந்த ரெண்டு மூண்டாகிறதுக்கு என்ன வேணும்? இப்ப சொல்ல வேண்டாம். யோசிச்சு எழுதிக்கொண்டு வாங்கோ."

இந்த முறைக்கு ஒரு வரலாறு இருப்பது பிறகுதான் தெரிந்தது. மகள் போனில் தேடித் தந்ததை வாசித்தேன். வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் குடிப்பழக்கத்தில் மாட்டிக்கொண்டவர்களோடு வேலை செய்தவர். நோர்வேயில் பேர்கன் நகருக்குப் போய், தான் எப்படிக் கதைக்கிறேன் என்று அங்குள்ள இளம் உளவியலாளர்களுக்குச் செய்து காட்டியபோது, அவர்கள் இடையில் நிறுத்தி நிறுத்தி, "இந்த இடத்தில் ஏன் இதைக் கேட்டீர்கள்? வேறு ஒன்றை ஏன் கேட்கவில்லை?" என்று குடைந்திருக்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லப் போய்த்தான் தன் முறை தனக்கே பிடிபட்டது என்று அவர் எழுதியிருக்கிறார். 1983இல் முதல் கட்டுரை வந்தது. பிறகு ஸ்டீபன் ரோல்னிக் என்பவரோடு சேர்ந்து 1991இல் அதை நூலாக விரித்தார். அதன் அடிப்படை எளிமையானது: மாறுவதற்கான காரணத்தை அடுத்தவர் சொன்னால் நாம் எதிர்ப்பக்கம் போய் நிற்போம், அதே காரணம் நம் வாயிலிருந்து வந்தால் நம் மனம் அதன் பக்கம் சாயும். அதனால் கேட்கிறவரின் வேலை, அந்தக் காரணம் வெளியே வருகிற மாதிரிக் கேட்பதுதான். நான்கு ஏன் ஒன்றாகவில்லை என்று கேட்டால், எனக்குள் ஏற்கெனவே இருக்கும் நான்கு பங்கு விருப்பம் வாய் திறக்கும். நான்கு ஏன் பத்தாகவில்லை என்று கேட்டால், மிச்ச ஆறு பங்குதான் பேசும். ஒரே ஆள், ஒரே நம்பர், கேள்வி மாத்திரம் வேறு.

வீட்டுக்கு வந்து கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினேன். தன்னைத் தானே கேட்கிறவர்கள் எழுதத்தான் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கிளினிக்கில் ஒருவர் பேனையை வைத்துவிட்டுக் காத்திருந்தார். தனியே இருக்கும்போது நமக்காகக் காத்திருக்க ஆளில்லை. கேள்வி வந்த கையோடு மனம் வேறெங்கோ போய்விடும். எழுதினால் பதில் வருமட்டும் தாள் முன்னால் கிடக்கும்.

இரண்டை மூன்றாக்க என்ன வேண்டும் என்பதற்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. வேறொரு கேள்விதான் வழி விட்டது: "எப்போதாவது போடாமல் இருந்திருக்கிறேனா?" இதுவும் சும்மா வந்த கேள்வி கிடையாது. அமெரிக்காவில் மில்வாக்கி நகரில் ஸ்டீவ் டி ஷேசரும் இன்சூ கிம் பெர்க்கும் வளர்த்தெடுத்த சிகிச்சை முறையில் இதற்குப் பெரிய இடம் உண்டு. பிரச்சினை ஏன் வருகிறது என்று தோண்டுவதை விட்டு, பிரச்சினை வராமலிருந்த நேரத்தில் என்ன நடந்தது என்று அவர்கள் கேட்டார்கள். வலை பொத்துகிறவனுக்கு இது தெரியும்: அறுந்த இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பொத்த முடியாது, அறாமல் நிற்கும் கண்ணில்தான் நூலை முடிய வேண்டும்.

எனக்கு அறாமல் நின்ற இடம் கந்தசஷ்டி. ஐப்பசியில் அந்த ஆறு நாளும் வாயில் வெத்திலை வைக்க மாட்டேன். எத்தனையோ வருடமாக இதைச் செய்துகொண்டு, அதே நேரத்தில் "என்னால விட ஏலாது" என்றும் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். இரண்டையும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக எழுதிப் பார்த்தபோது பல விஷயம் விளங்கியது. விரதத்தில் இரண்டாம், மூன்றாம் நாள்தான் தலை வெடிக்கும், ஆரோடும் கதைக்கப் பிடிக்காது. ஆறாம் நாள், சூரன்போரன்று, அவ்வளவு தெரியாது. புகையிலையின் நிக்கோட்டினுக்குப் பழகிய உடம்பு அது இல்லாமல் முதல் சில நாளில்தான் மிகவும் துடிக்கும், மூன்று நான்கு கிழமையில் பெரும்பாலும் அடங்கிவிடும் என்று பிறகு வாசித்தபோது, இதைத்தானே வருடா வருடம் உடம்பு எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது என்று தோன்றியது. கடினமான பகுதியை ஒவ்வொரு வருடமும் தாண்டிவிட்டு, விரதத்தை முடிக்கும் பாறணை முடிந்த கையோடு முதல் வேலையாக வெத்திலையைத் தேடிப் போயிருக்கிறேன்.

அதனால் அடுத்த கேள்வி தானாகவே சுருங்கி வந்தது. வாழ்நாள் முழுக்க விட முடியுமா என்று கேட்கத் தேவையில்லை. பாறணையன்று அந்த முதல் வாயைப் போடாமல் விட என்ன வேண்டும்?

இதற்குத்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் எழுதினேன். எந்த நேரத்தில் கை மடிக்குப் போகிறது? வள்ளம் வரும் நேரம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, கணக்கில் யாராவது சண்டை பிடித்துவிட்டுப் போன பிறகு. வெத்திலை எனக்கு என்ன தருகிறது? இதை நேர்மையாகக் கேட்க வேண்டும், "ஒன்றும் தரவில்லை" என்று பொய் எழுதக் கூடாது. விடியப்புறத்தில் உசார் தந்தது. அதைவிடப் பெரிதாக, கரையில் எனக்கு ஒரு இடம் தந்தது. கடலுக்குப் போகாத நான், கடலுக்குப் போகிறவர்களோடு சமமாக நின்று கதைக்க அந்த வெத்திலைதான் பாலமாக இருந்தது. அப்படியென்றால் அந்த இடத்துக்கு வேறொன்று வேண்டும். ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கொல்விட்சர் 1999இல் எழுதிய ஒரு விஷயம் இங்கே கைகொடுத்தது. "இதைச் செய்வேன்" என்று பொதுவாகத் தீர்மானிக்கிறவர்களைவிட, "இன்னது நடந்தால் இன்னதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே கட்டி வைத்துக்கொள்கிறவர்கள் சொன்னதைச் செய்து முடிப்பது கூட. நான் கொப்பியில் எழுதியது இது: "ஆராவது வெத்திலை நீட்டினால், ரெண்டு கையாலும் வாங்கிச் சட்டைப் பையில் வைப்பேன். 'டொக்டர் வாயைப் பார்த்து நிப்பாட்டச் சொல்லிப்போட்டார்' என்பேன். அவருக்கும் எனக்கும் ரெண்டு இஞ்சிப் பிளேன்டீ சொல்லுவேன்."

பாறணையன்று காலை கரைக்குப் போனபோது மழை தூறிக்கொண்டிருந்தது. மாரி தொடங்கும் காலம், கடலுக்குப் போன வள்ளங்கள் குறைவு. அதுவும் எனக்கு உதவிதான். என்னைவிட வயதில் மூத்த ஒரு சம்மாட்டி, சொந்தமாக வள்ளம் வைத்திருப்பவர், விரதம் முடிந்தது தெரிந்து, எனக்கென்றே மடித்து வைத்திருந்ததை நீட்டினார். இரண்டு கையாலும் வாங்கினேன். பையில் வைத்தேன். எழுதி வைத்த வசனத்தை ஒரு சொல் மாறாமல் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு கடைப் பொடியனைப் பார்த்து, "தம்பி, எனக்குச் சீனி குறைச்சுப் போடு" என்றார். அவ்வளவுதான். நான் பயந்த மரியாதைக் குறைவு அங்கே நடக்கவேயில்லை. அந்தத் தேநீர் முடிய அவரும் தன் வாயிலிருந்ததைத் துப்பிவிட்டுத் தன் பல்லைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்.

புகையிலையை மட்டும் விட்டுவிட்டு வெறும் பாக்கும் வெத்திலையும் போட்டால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட மதிப்பீட்டில், புகையிலை சேராத பாக்கையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாகத்தான் வகைப்படுத்தியிருக்கிறது. வாய்க்குள் சதை இறுகுவதும் பாக்கால்தான், இறுகியது திரும்ப முழுதாக இளகுவது அரிது. வெள்ளையாகவோ சிவப்பாகவோ படை கண்டாலும், ஒரு புண் இரண்டு கிழமைக்கு மேல் ஆறாமல் நின்றாலும், கேள்வி, கொப்பி என்று இருக்காமல் நேரே பல் டொக்டரிடம் போங்கள்.

எல்லாக் கேள்வியும் எல்லாருக்கும் ஒட்டாது. அதே மில்வாக்கிக்காரர்களுடைய புகழ்பெற்ற கேள்வி ஒன்று உண்டு: இன்றிரவு நீங்கள் தூங்கும்போது ஒரு அதிசயம் நடந்து பிரச்சினை தீர்ந்துவிட்டால், காலையில் எதைப் பார்த்து அதைத் தெரிந்துகொள்வீர்கள்? பலருக்கு அது பெரிய கதவைத் திறந்திருக்கிறது. எனக்குத் திறக்கவில்லை. இரண்டு வரிக்கு மேல் எழுத வரவில்லை, விட்டுவிட்டேன். ஒரு கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்கத் தேவையில்லை, அடுத்ததுக்குப் போகலாம்.

ஆனால் ஒரு கேள்வியைப் பற்றி மட்டும் கடுமையாகச் சொல்ல வேண்டும். "நான் ஏன் இப்படி இருக்கிறேன்?" இது சுய விசாரணை மாதிரித் தெரியும், உண்மையில் சுழி. 2004 கடல்கோளுக்குப் பிறகும் யுத்த காலத்திலும் எங்கள் ஊரில் இரவிரவாக இந்தக் கேள்வியோடு படுத்துக் கிடந்தவர்களைக் கண்டிருக்கிறேன். சூசன் நோலன் ஹுக்செமா என்ற உளவியலாளர் 1990களிலிருந்து இதைத்தான் ஆராய்ந்தார். சோர்ந்திருக்கும் நேரத்தில் தன் சோர்வின் காரணத்தையே திரும்பத் திரும்ப மென்றுகொண்டிருப்பவர்களுக்குச் சோர்வு நீளுகிறது என்று கண்டார். ஒரு கேள்விக்குப் பிறகு நாளைக்குச் செய்யக்கூடியது ஏதாவது ஒன்று, எவ்வளவு சின்னதானாலும், தாளில் விழுகிறதா என்று பாருங்கள். விழாவிட்டால் கொப்பியை மூடிவிட்டு ஆரோடாவது கதையுங்கள். தூக்கமில்லாமல், வாழவே பிடிக்காமல் இருக்கிறவர்களுக்குக் கேள்வி மருந்தாகாது. 1926 என்ற எண்ணுக்கு அழைத்தால் தேசிய மனநல நிறுவகத்தில் கதைக்க ஆள் இருக்கிறார்கள்.

இப்போது இந்தக் கேள்விகளை மற்றவர்களிடமும் கேட்கிறேன். கிண்ணியாவிலிருந்து சங்கத்துக்கு ஐஸ் கொண்டு வரும் நானா ஒருவர் சிகரெட்டை விட முடியாது என்று நெடுகச் சொல்வார். "நோன்பு மாசத்தில பகல் முழுக்க எப்பிடி நானா இருக்கிறீங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஐஸ் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நிய்யத்து வெச்சாச்சு தானே" என்றார், நோன்பு பிடிப்பேன் என்று மனதில் உறுதி எடுத்தாயிற்று என்ற பொருளில். பிறகு, நோன்பு திறந்து கஞ்சி குடித்த கையோடு பத்த வைக்கிற அந்த ஒரு சிகரெட்தான் மிச்ச எல்லாவற்றையும் இழுத்து வருகிறது என்று அவரே கண்டுபிடித்தார். அதை இரவில் தொழும் தராவீஹ் தொழுகை முடியுமட்டும் தள்ளிப் போட்டுப் பார்த்தார். முழுதாக விட்டார் என்று சொல்ல மாட்டேன், வெகுவாகக் குறைந்திருக்கிறது. எனக்குக் கந்தசஷ்டி, அவருக்கு நோன்பு. கத்தோலிக்கச் சிநேகிதர்களுக்குத் தவக்காலம் இருக்கிறது. கோயில், பள்ளி, சேர்ச் என்று எதற்கும் போகாதவர்களுக்கும், கைக்குழந்தை தோளில் இருந்த நேரமோ நீண்ட பஸ் பயணமோ என்று ஏதாவது ஒன்று இருக்கும்.

மற்றவர்களிடம் கேட்கும்போது கடினமான பகுதி, கேட்டபின் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான். நம் ஆட்களுக்கு அமைதி என்றால் பொறுக்காது, புத்தி சொல்லி நிரப்பிவிடுவோம். கேள்வி கேட்டு மூச்சு விடுமுன் "அதுக்குத்தான் சொல்லுறன்" என்று தொடங்கினால், கேட்ட கேள்வியும் வீண். பதில் வந்தால் அதை அவருடைய சொல்லிலேயே ஒருமுறை திருப்பிச் சொல்வது போதும். கேட்கும் தொனியும் அப்படித்தான்: உள்ளே பதிலை ஒளித்து வைத்துக்கொண்டு கேட்டால் பொலிஸ் விசாரணை மாதிரிப் படும், எதிரில் இருப்பவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

தங்கச்சியின் மகன் உயர்தரம் இரண்டாம் தடவை எடுக்கிறான். இரவில் ஒரு மணி, இரண்டு மணி மட்டும் போனோடு கிடக்கிறான் என்று தங்கச்சிக்கு ஒரே கவலை. "அண்ணா, நீங்களாவது ஏசுங்கோ" என்று கூட்டிக்கொண்டு வந்தாள். அவனைக் கடற்கரைப் பக்கம் நடக்கக் கூட்டிப் போய், போனை இரவில் வேறு அறையில் வைப்பது எவ்வளவு முக்கியம் என்று நம்பர் கேட்டேன். மூன்று என்றான். ஏன் பூச்சியம் இல்லை என்றேன். சிப்பி பொறுக்குகிற சின்னப் பிள்ளைகளைத் தாண்டி நெடுந்தூரம் நடந்த பிறகுதான் வாயைத் திறந்தான். விடிய எழும்பிப் படிக்கிற நாளில் இரசாயனவியல் கணக்கு ஓடி வருதாம், பிந்திப் படுக்கிற நாளில் வருவதில்லையாம். "அப்ப விடியக் காலைமைதான் உனக்கு இரசாயனவியல் வருது" என்று திருப்பிச் சொன்னேன். வேறொன்றும் சொல்லவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமையும் அவனோடு நடக்கப் போகிறேன். மூன்று நான்காக என்ன வேண்டும் என்ற ஒரு கேள்வியை மட்டும் வைத்திருக்கிறேன். அவன் பதில் சொல்லுமட்டும் போனைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தையும் எடுக்கக் கூடாது என்று தங்கச்சியிடம் கேட்டிருக்கிறேன். அவளுக்கு அது பெரும் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சம்மதித்திருக்கிறாள்.